‘ஆனால்’ என்று முடிந்த பக்கம்

கடலோரத்து உடைமரக் காட்டில் சிக்கந்தர் என்று ஒரு கீரி இருந்தது. அந்தக் காட்டிலேயே எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தது அது ஒன்றுதான். அது போதாதா? தலைகால் புரியாமல் திரிந்தது!

அந்தக் காட்டு விலங்குகள் ரமலான் மாதம் வந்தால் நோன்பு வைக்கும். மான் வைக்கும், வெள்ளாடு வைக்கும், அணில்கூட வைக்கும். சிரிக்காதீர்கள்! படைத்தவனை வணங்க இரண்டு காலோடுதான் பிறக்க வேண்டும் என்று யார் சொன்னது? விடியுமுன் சாப்பிட்டால் பிறகு சூரியன் மறையும்வரை ஒரு புல்லைத் தொடாது, ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காது.

அந்த வருஷம் ரமலான் நல்ல கோடையில் வந்து மாட்டிக்கொண்டது. முதல் நோன்பன்று அடித்த காற்றில் எங்கிருந்தோ ஒரு காகிதம் பறந்து வந்து முள்ளில் சிக்கியது. பக்கத்து ஊரில் யாரோ கட்டிப் போட்ட பழைய புத்தகத்திலிருந்து கிழிந்து வந்த பக்கம் அது. நோன்பின் சட்டங்கள் அச்சடித்திருந்தன. சிக்கந்தர் எழுத்துக் கூட்டிப் படித்தது. கடைசி வரிகள் இப்படி இருந்தன:

“ரமலான் நோன்பை வேண்டுமென்றே முறிப்பது பெரும் பாவமாகும். ஆனால்”

அவ்வளவுதான். அதோடு பக்கம் முடிந்துவிட்டது.

“கிடைச்சிடுச்சு! சட்டம் முழுசும் என் கையில கிடைச்சிடுச்சு!” என்று சிக்கந்தர் துள்ளிக் குதித்தது.

மரத்தில் இருந்த அணில் எட்டிப் பார்த்தது. “பாய், கடைசியில ‘ஆனால்’னு நிக்குதே! அதுக்கு அப்புறம் என்ன?”

“ஒண்ணுமில்ல. அது அச்சுப் பிழை!”

“பிழையா?”

“எனக்குப் படிக்கத் தெரியும், உனக்குத் தெரியாது. வாயை மூடு! நோன்புல ரொம்ப நேரம் வாயைத் திறந்தா காத்து உள்ள போகும். காத்தும் ஒரு பொருள்தானே? பொருள் உள்ள போனா நோன்பு முறிஞ்சிடும்!”

இது எந்தப் பக்கத்திலும் இல்லை. சிக்கந்தரின் சொந்த மூளையில் அப்போதுதான் முளைத்தது. பாவம் அந்த அணில், அன்று முழுக்கக் கொட்டாவி வரும்போதெல்லாம் வாலை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

சட்டம் கேட்க அங்கே ஆள் இல்லாமல் இல்லை. உப்பளத்துக்கு அந்தப் பக்கம், ஒரு மைல் தூரத்தில் சபியா ஆலிமா இருந்தது. ஆலிமா என்றால் மார்க்கக் கல்வி கற்றுத் தேர்ந்த பெண். சபியா ஓர் ஆள்காட்டிக் குருவி. முன்பு பெண்கள் அரபிக் கல்லூரியின் மொட்டைமாடியில் கூடு வைத்து, கீழே நடந்த பாடங்களை ஏழு வருஷம் ஒரு நாள்கூட விடாமல் கேட்ட குருவி. படிப்பு எவ்வளவோ கோபமும் அவ்வளவு!

கோபம் வராமல் என்ன செய்யும்? வெள்ளாட்டுக் கூட்டத்தின் தலைவரான மஸ்தான் கிடா எதற்கெடுத்தாலும் அங்கே போய் நின்றுவிடும்.

“ஆலிமா, தும்மினா நோன்பு முறியுமா?”

“முறியாது.”

“அது ஒரு தும்மலுக்கு. ரெண்டு தும்மினா?”

“உன் தலைக்குள்ள என்ன இருக்கு? புண்ணாக்கா?”

“அதையும் தெரிஞ்சவங்க நீங்கதான் சொல்லணும், ஆலிமா!” என்று மஸ்தான் பணிவாகச் சொல்லும்.

இது ஒரு பக்கம். சிக்கந்தரோ நேர் எதிர். “கண்ணு இருக்கு, எழுத்துத் தெரியும், மூளையும் இருக்கு. நடுவுல ஒரு குருவி எதுக்கு?” என்று கேட்டுக்கொண்டு அந்தத் திசைக்கே போகாது. போகாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. முன்னொரு வருஷம் சபியாவின் முட்டைகளைத் திருடப் போய், தலையில் நாலு கொத்து வாங்கி வந்த கீரி அது.

அன்று பன்னிரண்டாம் நோன்பு. மைமூன் என்கிற புள்ளிமான் நிறைமாதக் கர்ப்பிணி. காலையிலேயே அதற்குத் தலை சுற்றியது.

“மச்சான், என்னால முடியல. நோன்பை விட்டுடலாமா?” என்று தன் துணை இலியாஸ் மானிடம் கேட்டது.

“எனக்குத் தெரியலையே மைமூன். இரு, நான் ஓடிப்போய் ஆலிமாகிட்ட கேட்டுட்டு வந்துடுறேன்.”

புதருக்குள்ளிருந்து சிக்கந்தர் எட்டிக் குதித்தது. “இந்த வெயில்ல எதுக்கு அவ்வளவு தூரம்? நான் எதுக்கு இருக்கேன்?”

பக்கத்தை விரித்தது. தொண்டையைச் செருமியது. உரக்கப் படித்தது. “நோன்பை வேண்டுமென்றே முறிப்பது பெரும் பாவமாகும்! கேட்டீங்களா? பெரும் பாவம்! நீங்க தண்ணி குடிச்சா தானா குடிப்பீங்களா, வேணும்னே குடிப்பீங்களா?”

“வேணும்னேதான்...” என்றது மைமூன்.

“அப்புறம் என்ன! முடிஞ்சது கதை. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க லாத்தா. சாயங்காலம் ஆகிடும்.”

லாத்தா என்றால் அக்கா. அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே அதன் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது அந்தக் கீரி! மைமூன் படிப்பறியாத மான். அச்சில் இருப்பது பொய்யாகுமா என்று நம்பிவிட்டது.

உச்சிப் பொழுது வந்தது. மணல் கொதித்தது. மைமூன் குளக்கரையில் நடந்துபோனபோது முன்னங்கால்கள் மடங்கிச் சரிந்தது. வாய்க்கும் தண்ணீருக்கும் ஒரு சாண் தூரம்தான். மூச்சு வாங்கியது. கண்கள் மேலே செருகின.

“மைமூன்! மைமூன்!” என்று இலியாஸ் கத்தியது. வெயில் படாமல் அதன்மேல் குறுக்கே நின்றுகொண்டது. “தண்ணி குடி! ஒரு வாய் குடி!”

மைமூன் தலையை அசைத்தது. “பாவம், மச்சான். சிக்கந்தர் பாய் படிச்சாரே. பாவத்தோட என் புள்ளையைப் பெத்துக்க மாட்டேன்.”

காடே பதறிப்போனது. எல்லா விலங்குகளும் ஓடி வந்தன. வெள்ளாடுகளும் வந்து வரிசையாக நின்றன.

“மஸ்தான் பாய், நீங்களாவது சொல்லுங்க! தண்ணி குடிக்கலாம்னு சொல்லுங்க!” என்று இலியாஸ் கெஞ்சியது.

மஸ்தான் தாடியைத் தடவியது. “ஆலிமாகிட்ட கேட்காம நாங்க ஒரு வார்த்தை பேசமாட்டோம். அவங்க இப்ப அடைகாத்துக்கிட்டு இருக்காங்க, தொந்தரவு பண்ணக் கூடாது. குஞ்சு பொரிச்சதும் கேட்டுடலாம்.”

“எப்ப பொரிக்கும்?”

“பதினெட்டு நாள்தான்!”

“அடப்பாவி! இவளுக்குப் பதினெட்டு நிமிஷம் தாங்காது போலிருக்கே! நீயாவது இப்பவே போய்க் கேட்டுட்டு வாயேன்!”

“போகலாம். ஆனா உப்பளம் வழியாப் போகணும். காத்துல பறக்கிற உப்பு நாக்குல பட்டா நோன்பு முறியுமான்னு தெரியல. அதை ஆலிமாகிட்ட கேட்டுட்டு, அப்புறமாப் போறேன்!”

எனக்கு அந்த இடத்தில் இருக்கக் கொடுத்து வைக்கவில்லை. இருந்திருந்தால் அந்தத் தாடியைப் பிடித்து இழுத்திருப்பேன்!

இத்தனைக்கும் நடுவில் சிக்கந்தர் மைமூனையே பார்த்துக்கொண்டு நின்றது. மானின் வயிற்றுக்குள் குட்டி ஒருமுறை புரண்டது வெளியே தெரிந்தது. கீரி அதன் முகத்தருகே போனது.

“லாத்தா, குடிங்க,” என்றது மெதுவாக. “ஒரு வாய் குடிங்க. நான் சொல்றேன்ல.”

மைமூன் கண்ணைத் திறந்தது. “காலைல பாவம்னு சொன்னது யாரு?”

“நான்தான்.”

“இப்ப குடின்னு சொல்றது?”

“நான்தான்.”

“ரெண்டுல எது சட்டம், தம்பி? அந்தப் பக்கத்துல ‘ஆனால்’னு முடியுதாமே, அணில் சொல்லிச்சு. அதுக்கு அப்புறம் என்ன எழுதியிருக்கு?”

சிக்கந்தர் பக்கத்தைப் பார்த்தது. திருப்பிப் பார்த்தது. பின்புறம் இருந்தது இதற்கு முந்தின பக்கம்; அதில் வேறு ஏதோ சட்டம். அச்சுப் பிழை என்று இப்போது சொல்ல வாய் வரவில்லை.

“தெரியாது,” என்றது. பிறந்ததிலிருந்து அந்தக் கீரி அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. “எனக்குத் தெரியாது லாத்தா! தெரிஞ்சவங்களைக் கேட்டுட்டு வர்றேன்! உயிரைப் பிடிச்சுக்கிட்டு இருங்க!”

சொல்லி முடிக்குமுன் பாய்ந்துவிட்டது. வாயில் அந்தப் பக்கம். ஓட்டம் என்றால் அப்படி ஓர் ஓட்டம்! உடைமுள் குத்தியது, நிற்கவில்லை. உப்பளத்தின் வரப்பில் கால் வைத்தால் சுட்டது, நிற்கவில்லை. வெள்ளை வெயிலில் கண் கூசியது, அரைக் கண்ணை மூடிக்கொண்டு ஓடியது. நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதுவும் நோன்பு வைத்திருந்த கீரிதானே!

“யாரது! யாரது! யாரது!” என்று ஆள்காட்டிக் குருவியின் கூச்சல் உப்பளத்தையே தூக்கியது. “கீரி! முட்டை திருடி! ஒரு அடி வச்சே, கண்ணைக் கொத்திடுவேன்!”

சிக்கந்தர் பத்தடி தள்ளியே நின்றது. பக்கத்தைத் தரையில் வைத்தது. இரைக்க இரைக்கப் பேசியது. “ஆலிமா, மார்க்கச் சட்டத்துல ஒரு சந்தேகம். ஒருத்தர் ஒரு பக்கத்தைப் படிச்சு, நல்ல எண்ணத்தோட ஒரு தீர்ப்பு சொல்லி...”

“உன் நல்ல எண்ணத்தைத் தூக்கிக் குப்பையில போடு! யாருக்கு என்ன ஆச்சு? அதைச் சொல்லு!”

“மைமூன் மான். நிறைமாசம். நோன்புல மயங்கி விழுந்துட்டாங்க.”

“மூச்சு?”

“வாங்குது.”

“வயித்துல குட்டி அசையுதா?”

“அசையுது. பார்த்தேன்.”

சபியா எழுந்து நின்று இறக்கையை அடித்தது. “மூளை இருக்கா உனக்கு? உயிர் போற நேரத்துல ஒரு வாய் தண்ணி குடுக்க ஆலிமா வேணுமா? அதுக்கு அல்லாஹ் உனக்குக் கொடுத்த அறிவு போதாதா? இங்க ஓடி வந்த நேரத்துல நாலு வாய் புகட்டியிருக்கலாமே!”

“சொன்னேன் ஆலிமா! குடிக்க மாட்டேங்கிறாங்க! காலைல நான்தான் பாவம்னு சொன்னேன். அதை நம்பிட்டாங்க. இப்ப நான் என்ன சொன்னாலும் நம்ப மாட்டேங்கிறாங்க.”  “நான் திரும்பி ஓடிச் சொன்னாலும் பிரயோஜனம் இல்ல. நீங்க வரணும். நீங்க பறந்தா உடனே போய்ச் சேர்ந்துடலாம்.”

சபியா கீழே பார்த்தது. காலடியில் நான்கு முட்டைகள் கிடந்தன. திறந்த வெளி, பரல் மண், மரமில்லை, செடியில்லை. அந்த உச்சி வெயிலில் நிழல் கொடுக்காமல் விட்டால் முட்டைகள் வெந்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து எதிரே பத்தடியில் நாலு காலோடு நின்றது.

“சிக்கந்தர், முட்டை தின்பியா?”

பொய் சொல்லலாமா என்று கீரி யோசித்தது. பிறகு சொன்னது. “தின்பேன், ஆலிமா. ரொம்பப் பிடிக்கும்.”

“இன்னிக்கு?”

“இன்னிக்கு நோன்பு.”

சபியா அதன் காய்ந்த வாயைப் பார்த்தது, வெந்து சிவந்த பாதங்களைப் பார்த்தது. குளத்தங்கரையிலிருந்து தண்ணீர் தொடாமல் ஒரு மைல் ஓடி வந்த பாதங்கள் அவை.

“உன் பக்கத்தை நான் நம்பல,” என்றது சபியா. “உன் நோன்பை நம்புறேன். வா, இங்க நில்லு. வெயில் ஒரு பொட்டுகூடப் படக் கூடாது. என் புள்ளைங்க!”

சொல்லிவிட்டு விர்ரென்று கிளம்பிவிட்டது.

குளக்கரையில் மைமூனின் தலை இலியாஸின் காலில் சாய்ந்து கிடந்தது. வெள்ளாடுகள் இன்னும் வரிசையாகத்தான் நின்றன! வானத்திலிருந்து ஒரு குரல் வெட்டிக்கொண்டு வந்தது.

“குடி! குடி! குடி!”

மைமூன் கண்ணைத் திறந்தது. “ஆலிமாவா? பாவமில்லையா?”

“இந்த நிலைமையில குடிக்காம இருந்தாத்தான் பாவம்! உன் உயிர் உன் சொத்தில்ல, கொடுத்தவன் சொத்து. அல்லாஹ் பேரால பிஸ்மி சொல்லிக் குடி!”

இலியாஸ் கொம்பால் மெல்லத் தள்ளிக்கொடுக்க, மைமூன் அந்த ஒரு சாண் தூரம் நகர்ந்து தண்ணீரில் வாய் வைத்தது. ஒரு வாய், இரண்டு வாய், பிறகு நிறுத்தாமல் குடித்தது. வயிற்றில் குட்டி ஓங்கி ஓர் உதை விட்டது. இலியாஸ் அழுதேவிட்டது. ஆண் மான் என்றால் அழக் கூடாதா என்ன?

மூச்சு நிதானத்துக்கு வந்ததும் சபியா பக்கத்தில் குந்தியது. “இப்ப ஒண்ணு கேட்கிறேன், யோசிச்சுச் சொல்லு. நோன்பை விட்டியே, குட்டிக்கு மட்டும் பயந்தா? இல்ல, உன் உயிருக்கும் பயந்தா?”

“கண்ணை இருட்டிக்கிட்டு வந்துச்சு ஆலிமா. ரெண்டு பேரும் போயிடுவோம்னுதான் பயந்தேன்.”

“அப்படின்னா பின்னால ஒரு நாள், உடம்பு தேறினதும், இந்த ஒரு நோன்பைத் திருப்பி வச்சா போதும். குட்டிக்கு மட்டும் பயந்திருந்தா, நம்ம மத்ஹபுல, அதாவது நாம பின்பற்றுற சட்ட வழியில, திருப்பி வைக்கிறதோட ஓர் ஏழைக்குச் சாப்பாடும் கொடுக்கணும். அதுக்குத்தான் கேட்டேன். மீதி நாளும் முடியலைன்னா வைக்காதே, அதையும் பின்னால வச்சுக்கலாம்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவேதான்!”

காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கி, மைமூனும் அழுதது.

மஸ்தான் முன்னால் வந்தது. “நாங்க ஒண்ணுமே பண்ணல ஆலிமா. உங்களைக் கேட்காம அசையவே இல்ல!”

“அதைத்தான் பார்த்தேன்,” என்றது சபியா.  “இருக்கிற அத்தனை பேரும் சேர்ந்து ஒரு வாய் தண்ணி புகட்ட முடியல. தும்மலுக்கு என்னைத் தேடி வந்தீங்களே, ஓர் உயிருக்கு வரலையே! எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்லித் தர்றது நீங்க மரக்கட்டையா நிக்கிறதுக்கா?”

மஸ்தான் வாயைத் திறந்தது. அடுத்த கேள்வி நாக்கு நுனியில்தான் இருந்தது. குருவியின் முறைப்பைப் பார்த்து விழுங்கிக்கொண்டது.

சபியா உடனே கிளம்பியது. நல்லது செய்துவிட்ட நிம்மதி எல்லாம் பாதி வழியில் பறந்துபோய்விட்டது. ஒரு கீரியிடமா விட்டுவிட்டு வந்தேன்? என் நாலு முட்டையையும் ஒரு கீரியிடமா? இறக்கையை இன்னும் வேகமாக அடித்தது.

தூரத்திலிருந்தே பார்த்தது. கீரி பின்னங்கால்களில் நின்றுகொண்டிருந்தது. முன்னங்கால்கள் இரண்டிலும் அந்தக் கிழிந்த பக்கத்தை விரித்துப் பிடித்திருந்தது. பக்கத்தின் நிழல் முட்டைகள்மேல் விழுந்தது. சூரியன் நகர நகரக் கீரியும் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நகர்ந்தது. வெயில் முழுக்க அதன் தலையில்தான் இறங்கியது.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எண்ணிப் பார்த்து மூச்சு விட்டது சபியா.

“லாத்தா?” என்றது கீரி, திரும்பிப் பார்க்காமலே.

“குடிச்சுட்டா. ரெண்டு உயிரும் நல்லா இருக்கு.”

சிக்கந்தர் அப்படியே தொப்பென்று உட்கார்ந்தது. “அல்ஹம்துலில்லாஹ்!” என்றது.  பிறகு கேட்டது. “ஆலிமா, அந்த ‘ஆனால்’க்கு அப்புறம் என்னதான் எழுதியிருக்கு?”

சபியா முட்டைகள்மேல் உட்கார்ந்து, கண்ணை மூடி, மனப்பாடமாகச் சொன்னது. “ஆனால், நோயாளி, பயணி, கர்ப்பிணி, பாலூட்டும் தாய் ஆகியோர் சிரமம் ஏற்படுமாயின் நோன்பை விட்டுவிடலாம்.”

“அடுத்த பக்கத்துலயே இருந்திருக்கே!” என்று தலையில் அடித்துக்கொண்டது கீரி. “அதோட முடிஞ்சதா?”

“அதுக்கு அப்புறமும் ஒரு ‘ஆனால்’ உண்டு. அதுக்கு அப்புறமும் உண்டு. நான் ஏழு வருஷம் கேட்டேன், இன்னும் தீரல.”

“எனக்கும் சொல்லித் தருவீங்களா?”

“தினமும் வா. பத்தடி தள்ளி உட்காரு. ‘ஏன்’னு கேளு, எத்தனை தடவை வேணும்னாலும் கேளு. ‘அச்சுப் பிழை’ன்னு மட்டும் சொன்னே, மறுபடியும் தலையில கொத்து விழும்!”

அன்றிலிருந்து கீரி தினமும் போனது. முட்டைகள் பெருநாளுக்கு முதல் நாள் பொரிந்தன. அதே வாரம் மைமூன் ஒரு குட்டியைப் பெற்றது. பெருநாள் காலையில் சிக்கந்தர் பாடம் கேட்கப் போனபோது சபியா ஆலிமா குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டு, “இன்னிக்கு உனக்கு நோன்பு இல்ல! நூறடி தள்ளி உட்காரு!” என்று கத்தியது. கீரி பின்வாங்கிப் போய் நூறடி தள்ளியே உட்கார்ந்தது.

தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டு நடங்கள். ஆனால், தாகத்தில் உயிர் போகிறவருக்குத் தண்ணீர் கொடுக்க யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.